அப்பாவுக்குத் தனி விமானம் பிடிக்கலாமா?



கொஞ்சம் நீளமான இழை இது. டீ கையில் இருந்தால் நல்லது.

போன வருஷம் ஒரு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு கிளினிக்கை மூடிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து வாட்ஸ்அப் கால். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி. பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வருஷம் ஜூனியர். அவன் அப்பா அம்மா ரெண்டு பேருமே என் பேஷன்ட்டுகள். (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் போடவில்லை, அடையாளம் தெரியாமல் சிலதை மாற்றியிருக்கிறேன். சின்னசேலத்துக்காரர்கள் யூகிக்க முயல வேண்டாம், ப்ளீஸ்.)

"அண்ணா, அப்பா அம்மாவ இங்க கூட்டிட்டு வரேன். ஐரோப்பா சுத்திக் காட்டப்போறன். அவங்க ரெண்டு பேருக்கும் நீங்க ஃபிட்னஸ் சர்டிபிகேட் ஒண்ணு குடுக்கணும்."

சரிப்பா, நல்ல விஷயம்தானே என்றேன். அடுத்து அவன் சொன்னதில்தான் நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஊர் ஊரா போறதுக்கு ஒரு பிரைவேட் ஜெட் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கன்ணா. மிட்சைஸ் ஜெட். அப்பாவால ஏர்போர்ட்ல கியூல நிக்க முடியாதுல்ல."

ஸ்டுட்கார்ட்டில் ஏறி பாரிஸ், சூரிச், வியன்னா, ரோம், திரும்பவும் ஸ்டுட்கார்ட். எட்டு நாள். ஒரு புரோக்கர் கம்பெனி கொடுத்த கொட்டேஷனையும் அனுப்பினான். 52,000 யூரோ. நம்ம காசுக்கு அரைக் கோடிக்குக் கிட்ட. இங்கே அந்தப் பணத்துக்கு மரவள்ளிக் காடு எத்தனை ஏக்கர் வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. என் வேலை அது இல்லை என்று நிறுத்திக்கொண்டேன். சம்பாதிக்கிறான், பெற்றவர்களுக்குச் செலவு செய்கிறான். அதில் நமக்கு என்ன?

ஆனால் சர்டிபிகேட்டில் கையெழுத்து என்னுடையது. அது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால், கணுக்காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு அம்மாவுக்கு "விமானப் பயணத்துக்குத் தகுதியானவர்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். "நாலு மணி நேரம்தானே சார்" என்றார்கள். நானும் நாலு மணி நேரம்தானே என்று நினைத்தேன். போய் இறங்கிய மூன்றாம் நாள் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. பிழைத்துக்கொண்டார்கள். பேரன் பிறந்தது ஒரு ஆஸ்பத்திரி, பாட்டி படுத்திருந்தது இன்னொரு ஆஸ்பத்திரி. அந்த மகள் என்னைத் திட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். அப்போதும் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் மாவுக்கட்டு, சமீபத்திய ஆபரேஷன், புற்றுநோய், முன்னாடியே ரத்தக்கட்டி வந்தவர்கள் என்றால் அந்தக் கணக்கே வேறு. அதை அன்றைக்கு நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு, ஆளைப் பார்க்காமல், நடக்க வைக்காமல் ஒரு பயண சர்டிபிகேட்டிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால் தம்பியிடம், "நாளைக்கு ரெண்டு பேரையும் கிளினிக்குக்கு அனுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள். அப்பாவுக்கு 74. நாற்பது வருஷம் பீடி, விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு. ரெண்டு இன்ஹேலர். அம்மாவுக்கு 68. ரெண்டு முழங்காலும் தேய்மானம், உடம்பு எடை 82 கிலோ, காலில் நரம்பு சுருட்டல். ஆனால் முகத்தைப் பார்க்கணுமே! கல்யாணப் பொண்ணு மாதிரி.

"தனி ஏரோப்ளேனாமே தம்பி. எம்ஜிஆர் போனாரே, அது மாதிரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் வயசுக்காரர்களுக்குத் தனி விமானம் என்றால் அதுதான் ஞாபகம். 1984 நவம்பரில் எம்ஜிஆரைச் சென்னையிலிருந்து நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஏர் இந்தியா போயிங். உள்ளே மருத்துவ வசதிகள், கூடவே டாக்டர்கள். அங்கே டிசம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஊரெல்லாம் கோயிலில் மண்சோறு சாப்பிட்ட காலம்.

"அது பெரிய ப்ளேன்மா. உங்க பையன் சொல்றது குட்டி ப்ளேன். எட்டுப் பேர் உட்காரலாம்" என்றேன்.

இந்த மிட்சைஸ் ஜெட் என்றால் என்ன என்று ராத்திரி நானும் உட்கார்ந்து படித்திருந்தேன். ஹாக்கர் 800, செஸ்னா சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் மாதிரியான விமானங்கள். சோபா மாதிரி பெரிய தோல் சீட்டுகள், நாலு பேர் எதிரெதிரே உட்காரும் அமைப்பு. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஐரோப்பாவுக்குள் ஒன்று, இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அருமையான வண்டி. பாரிஸில் லெ பூர்ஜே என்று தனி விமானங்களுக்கே ஒரு விமான நிலையம் இருக்கிறது (1927-ல் லிண்ட்பெர்க் அட்லான்டிக்கைத் தனியாகக் கடந்து வந்து இறங்கிய அதே இடம்). கார் விமானத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். கியூ இல்லை, அரை மணிக்கு முன்னால் போனால் போதும்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் கொட்டேஷனில் இல்லாத ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. படி.

பெரிய விமானத்துக்கு ஏரோபிரிட்ஜ் உண்டு. சக்கர நாற்காலியிலேயே கதவு வரை போய்விடலாம். ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தில் ஆம்புலிஃப்ட் என்று லாரி மேல் கூண்டு மாதிரி ஒன்று, நாற்காலியோடு தூக்கிவிடும். குட்டி ஜெட்டில் கதவே கீழே மடிந்து ஏணியாகிறது. அஞ்சாறு படி. குறுகலான படி. கைப்பிடி என்ற பேரில் ஒரு கம்பியோ கயிறோ. உள்ளே போனால் தலைக்கு மேல் இடம் ஐந்தடி எட்டு அங்குலம். அப்பா ஆறடிக்காரர். கூனிக்கொண்டேதான் நகரணும். சிஓபிடி உள்ளவருக்கு வயிற்றை மடக்கிக் குனிந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வியாதி உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு முட்டும்.

கிளினிக் வாசலில் மூன்று படி இருக்கிறது. அம்மாவை ஏறிக் காட்டச் சொன்னேன். ஒரு கையால் சுவர், ஒரு கையால் என் தோள். மூன்றாவது படியில் "அம்மாடி" என்று நின்றுவிட்டார்கள். ஐந்து ஊர் என்றால் ஏற, இறங்கப் பத்துத் தடவை.

அடுத்து அப்பா. உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் அளவு 93. எழுந்து நம்ம காரிடாரில் நடக்க விட்டேன். ஆறு நிமிஷம் என்று சொல்லியிருந்தேன், நாலாவது நிமிஷமே நின்றுவிட்டார். விரலில் மாட்டிய மீட்டரில் 85.

இங்கேதான் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும். படித்தவர்களே நிறையப் பேருக்குத் தெரியாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்ட அளவில் இருக்காது. வெளியே 35,000, 40,000 அடி. உள்ளே அதை அப்படியே தரை மாதிரி வைக்கப் பார்த்தால் உடம்புப் பகுதி தாங்காது, எடையும் கூடும். அதனால் 8,000 அடி உயரத்துக்கு மிகாத அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் விதி. சாதாரணமாக 6,000-லிருந்து 8,000 அடி. ஊட்டி 7,300 அடிக்குக் கொஞ்சம் மேல். தொட்டபெட்டா உச்சி 8,600 சொச்சம். அதாவது நீங்கள் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நம்ம கல்வராயன் மலை அதில் பாதி உயரம்கூட பெரும்பாலான இடங்களில் வராது.

8,000 அடியில் மூச்சு விடுவது, தரைமட்டத்தில் 21 சதவீத ஆக்ஸிஜனுக்குப் பதில் 15 சதவீதம் சுவாசிப்பதற்குச் சமம். உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தூக்கம் வரும். 93-ல் இருப்பவருக்கு அப்படி இல்லை. அவர் ஏற்கெனவே மலை விளிம்பில் நிற்கிற ஆள்.

தனி ஜெட் என்றால் இந்த விஷயத்தில் சலுகை உண்டா? கிடையாது. தோல் சீட்டுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மிட்சைஸ் ஜெட்டிலும் அதே ஊட்டிதான். சொல்லப்போனால் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புதிய பெரிய விமானங்களில் 6,000 அடி அளவில்தான் வைக்கிறார்கள். எகானமி டிக்கெட்டில் போகிறவருக்கு, வாடகை ஜெட்டில் போகிறவரைவிட நல்ல காற்று! மேலிருந்து தொங்கும் அந்த மஞ்சள் மாஸ்க் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது அவசரத்துக்கு. நோயாளிக்கு மணிக்கணக்கில் கொடுப்பதற்கு இல்லை.

இன்னொன்று. சென்னையிலிருந்து ஜெர்மனி வரைக்கும் எப்படியும் பெரிய விமானத்தில் பத்து மணி நேரம் வரத்தான் வேண்டும். மிட்சைஸ் ஜெட்டால் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் பறக்க முடியாது, நடுவில் எண்ணெய் போடணும். ஆக, இந்த அப்பாவுக்கு உண்மையான ஆபத்து அந்தப் பத்து மணி நேரத்தில். பையன் அரைக் கோடி செலவு செய்து சரி பண்ணப் பார்த்ததோ, அதற்கப்புறம் வரும் ஒரு மணி நேரங்களை.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ரத்தம் கொடுக்க லேபுக்குப் போயிருந்தார்கள். அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"சொல்லுங்கய்யா."

"போக முடியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

நான் பேனாவை வைத்தேன்.

"நான் வரலன்னா அவன் மனசு ஒடஞ்சு போவான். டாக்டர் சொன்னாருன்னா ஒத்துக்குவான். காலைல எழுந்தா அரை மணி நேரம் நான் சளி துப்பணும், உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ல எங்க போயி துப்புறது? மருமவ முன்னாடி? ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போறன். அவ்ளோ காசு போட்டு ஏரோப்ளேன் புடிக்கிறான். நடுவுல எனக்கு இழுத்துக்கிச்சுன்னா அவன் மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லுங்க. அந்த மூஞ்ச நான் பாக்கணுமா?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. "தகுதியில்லை" என்று ஒரு வரி. சிங்கப்பூர் அம்மா விஷயம் மாதிரி எதுவும் நடக்காது. கேட்டவரும் பேஷன்ட்தான். பேனாவைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது லேபிலிருந்து அம்மா திரும்பி வந்தார்கள். கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டே, "ஸ்வெட்டரு இங்க வாங்கிக்கணுமா, அங்கயே பையன் வாங்கித் தருவானா தம்பி?" என்றார்கள்.

அப்பா தரையைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதித் தந்தால் அது பொய்யா? 85 என்று மீட்டரே சொல்கிறதே. ஆனால் 85-க்கு அர்த்தம் "போகவே முடியாது" என்பதில்லை. "ஏற்பாடு இல்லாமல் போகக்கூடாது" என்பதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த நான் தெரியாத மாதிரி எழுதினால் அது பொய்தான்.

கொஞ்சம் விலகிப்போகிறேன், மன்னிக்கவும். படிப்பு முடித்த புதிதில் கல்வராயன் மலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ரோடு போகாத ஊர்களிலிருந்து நோயாளியைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு ரெண்டு பேர் தோளில் சுமந்து வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. ரோடு வர அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஆனது, சில ஊர்களுக்கு. அப்படித் தூக்கி வந்த ஒரு பெரியவரிடம் "கஷ்டமா இருந்துச்சாய்யா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன, படுத்துக்கிட்டு வந்தேன். தூக்குனவனுங்களுக்குத்தான் கஷ்டம். அதைப் பாத்துக்கிட்டே வரதுதான் எனக்கு வலி" என்றார். அரைக் கோடி ஜெட்டையும் தூளியையும் பக்கத்தில் வைத்து யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த ராத்திரி எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் அப்பாவை மட்டும் வரச் சொன்னேன். "ஐயா, பொய் எழுத மாட்டேன். உங்களுக்குப் போக விருப்பம் இல்லன்னா அது உங்க உரிமை, உங்க சார்பா நானே பேசறேன். ஆனா உடம்பு மேல பழியப் போட வேணாம். முதல்ல உடம்பு என்ன சொல்லுதுன்னு முழுசாப் பாத்துடலாம்" என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார்.

சென்னையில் ஒரு நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இதற்கென்றே ஒரு டெஸ்ட் இருக்கிறது. மாஸ்க் வழியாக 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றை இருபது நிமிஷம் சுவாசிக்கக் கொடுத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். தரையில் உட்கார்ந்தபடியே ஊட்டிக்கு மேல் போய் வருவது மாதிரி. 85-க்குக் கீழே இறங்கினால் விமானத்தில் ஆக்ஸிஜன் தேவை. இவருக்கு 82 வந்தது. நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் ஆக்ஸிஜன் கொடுத்ததும் 91-க்கு ஏறி அங்கேயே நின்றது.

ரிப்போர்ட்டோடு தம்பிக்குப் போன் போட்டேன். படி, தலை இடிக்கும் உயரம், ஊட்டி, 82, 91 எல்லாவற்றையும் சொன்னேன். இதையும் சொன்னேன்: "எட்டு நாள்ல அஞ்சு ஊருன்னா, நீ எதுல கூட்டிட்டுப் போனாலும் அவங்களுக்குக் கஷ்டம்தான். தினம் பொட்டி கட்டி, தினம் புது பாத்ரூம். வயசானவங்களுக்கு அதுதான்டா அலுப்பு. வண்டி இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டானோ என்று நினைத்தேன். அப்புறம் பேசினான்.

"அண்ணா, 2004-ல என் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் சென்னைக்கு பஸ்ல போனோம். முகூர்த்த நாள். ஒரு சீட்டுதான் கெடச்சுது. காலைல கவுன்சிலிங்ல மூள வேல செய்யணும், நீ தூங்குன்னு என்ன உக்கார வெச்சுட்டு, சென்னை வரைக்கும் ராத்திரி பூரா அவரு கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. நான் நல்லாத் தூங்குனேன்ணா. அதான்."

நான் என்ன சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட ஒரு தடவ பேசு. ஜெட் பத்தி இல்ல. காலைல எழுந்ததும் அவருக்கு என்ன கஷ்டம், ராத்திரி என்ன கஷ்டம்னு கேளு. என்கிட்ட கேக்காத, அவருகிட்டயே கேளு" என்று மட்டும் சொன்னேன். அப்பா சொன்னதை நான் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

பேசினார்கள் போல. என்ன பேசினார்கள் என்று தெரியாது. ரெண்டு நாள் கழித்து அம்மாதான் போன் செய்தார்கள். "அவரு வந்தா வரட்டும், வரலன்னா நான் தனியாப் போறன் தம்பி. எனக்கு மட்டும் எழுதிக் குடுங்க." பின்னால் அப்பா இருமும் சத்தமும், "யாரு வரலன்னு சொன்னா?" என்ற குரலும் கேட்டது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. என்ன செய்தோம் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் யாருக்காவது உதவும்.

விமான கம்பெனியின் மெடிஃப் படிவத்தை நான் நிரப்பினேன். ஆக்ஸிஜன் தேவைப்படும் பயணி, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர் எல்லாருக்கும் இது வேண்டும். பயணத்துக்குச் சில நாள் முன்பே அனுப்பிடணும், கவுன்டரில் போய் நின்று கேட்டால் ஏற்ற மாட்டார்கள். சிலிண்டரை நாமே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. கையில் எடுத்துப்போகும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் என்றால் விமான கம்பெனி ஒப்புக்கொண்ட மாடலாக இருக்கணும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்பார்கள். பத்து மணி நேரப் பயணத்துக்குப் பதினைந்து மணி நேர பேட்டரி. தம்பி வாடகைக்கு ஒன்று எடுத்தான். ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்கு வரவழைத்து, மூக்கில் மாட்டிக்கொண்டு டிவி பார்க்கச் சொன்னேன். முதல் நாள் விமானத்தில்தான் மாட்டிப் பார்ப்பேன் என்றால் பயத்திலேயே பாதி மூச்சு போய்விடும்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிக்கெட்டில் மூன்று வகை குறியீடு போடுவார்கள். தூரம் நடக்க முடியாது ஆனால் படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது என்பது இன்னொன்று. சீட்டு வரைக்கும் தூக்கித்தான் விடணும் என்பது மூன்றாவது. டிராவல் ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் கேட்காமலே முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஏதோ ஒரு ஊரில் பஸ்ஸில் கொண்டுபோய் படி முன்னால் இறக்கிவிடுவார்கள். அம்மாவுக்கு இரண்டாவது வகை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விமான நிலையங்களில் இந்த உதவி இலவசம், சட்டமே இருக்கிறது. 48 மணி நேரம் முன்னால் சொல்லிவைக்கணும்.

ரெண்டு பேருக்கும் முழங்கால் வரை இறுக்கமான காலுறை. நடைபாதை ஓரத்து சீட். மணிக்கு ஒருமுறை கணுக்காலை ஆட்டணும், முடிந்தால் எழுந்து நடக்கணும். "ஆஸ்பிரின் ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்று எல்லாரும் கேட்பீர்கள். பயணத்துக்காக என்று நீங்களாகப் போடாதீர்கள். இன்ஹேலர், மாத்திரை எல்லாம் கைப்பையில், செக்-இன் பெட்டியில் இல்லை. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பேரோடு மருந்தின் பொதுப்பேரும் இருக்கணும். இங்கே விற்கும் பிராண்டை அங்கே யாருக்கும் தெரியாது.

சளிக்கு? மூடி போட்ட சின்ன டப்பா ஒரு டஜன், டிஷ்யூ பேப்பர். அப்பா, பையன் வீட்டு பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மருமகளே போனில் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் கூச்சம்.

ஜெட்? வாடகைக்கு எடுக்கவில்லை. அஞ்சு ஊர் ரெண்டாகச் சுருங்கியது, எட்டு நாள் மூன்று வாரமாக நீண்டது. பாரிஸுக்கு ரயிலில் போனார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மூணேகால் மணி நேரம். மலை ஏறாத வண்டி, நடக்க இடம் இருக்கும் வண்டி. ஊட்டியே கிடையாது. இன்னொன்று சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் ரைன் அருவி, அதற்குக் காரில் போனார்கள். (தனி ஜெட்டுகள் ஒரு ஆளுக்கு விடும் புகை, ரயிலைவிட ஐம்பது மடங்கு என்று ஐரோப்பாவில் ஒரு அமைப்பு 2021-ல் கணக்குச் சொல்லியிருந்தது. சிஓபிடி நோயாளிக்காக அந்தப் புகையா என்று தம்பியிடம் கேட்டேன். "டாக்டர் ஜோக் நல்லா இல்லண்ணா" என்றான்.)

ஜெட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே மிட்சைஸ் ஜெட்டில் சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர், வென்டிலேட்டர் மாட்டினால் ஏர் ஆம்புலன்ஸ். அப்போது அதன் மதிப்பே வேறு. நோய் எதிர்ப்பு சக்தி சுத்தமாக இல்லாதவர்கள், கூட்டத்தில் போகவே கூடாதவர்கள் என்று சிலருக்கு வாடகை ஜெட்தான் சரியான வழியாகவும் இருக்கும். அப்படி எடுக்கும் வசதி உள்ளவர்கள் புரோக்கரிடம் விலை கேட்கும் முன்னால், படி எத்தனை, உள் உயரம் எவ்வளவு, மருத்துவ ஆக்ஸிஜனுக்கு ஏற்பாடு உண்டா, விமானத்தை இயக்கும் கம்பெனிக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தோல் சீட்டு என்ன கலர் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் திரும்பி வந்து பத்து நாள் கழித்து கிளினிக்குக்கு வந்தார்கள். அம்மா எனக்கு ஒரு சாக்லேட் டப்பாவும், போனில் 400 போட்டோவும். அதில் பாதி ரைன் அருவி. "மேகம் அருவிய விட அகலம்தான் தம்பி, ஆனா குளிக்க விட மாட்டேன்றாங்க" என்று புகார். ஈபிள் டவருக்கு ரெண்டே போட்டோ. லிஃப்ட்டுக்குக் கூட்டமாம், கீழேயே உட்கார்ந்துவிட்டார்களாம்.

அப்பாவுக்கு விரலில் மீட்டரை மாட்டினேன். 92. போகும்போது இருந்ததைவிட ஒன்று கம்மி, பரவாயில்லை.

"ப்ளேன்ல எப்படிங்கய்யா இருந்துச்சு?"

"மெஷினு மூக்குல இருந்துச்சு. ஒண்ணும் தெரியல. பையன் பக்கத்து சீட்டுல. போறப்ப என்ன கூட்டிட்டுப் போவன்னு இங்க வந்துட்டான்ல, ராத்திரி பூரா அவன் தூங்கவே இல்ல. அந்த மெஷின் லைட்டையே பாத்துக்கிட்டு வந்தான். தூங்குடான்னா கேக்கல."

இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"தம்பி, ப்ளேன்ல உக்காந்தா ஊட்டியில உக்காந்த மாதிரின்னு சொன்னீங்களே."

"ஆமாங்கய்யா."

"நான் ஊட்டி பாத்ததே இல்ல. அந்த மெஷின வெச்சிக்கிட்டு அங்க போகலாமா?"